லைன்ல ஆள் இருக்கா?

ஜூன் 4, இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. கூட வேலை செய்கிறவர்களிடம் வேண்டாம், உன் அறையில் படுக்கிறவளிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்தால் ஒட்டிப் படித்துவிடுவார்கள் என்று தோன்றினால், உங்கள் மோட்டார் காயில் சுற்றுகிற கடையில் வார்னிஷ் டப்பா இருக்குமே, அதற்குள் அமுக்கிவிடு.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே என்று நினைக்காதே. உன் விலாசம் என்னிடம் இல்லை. போன வாரம் சீருடைக்கு அளவு கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுத் தையல் மாமா கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இத கேக்க உனக்கு இத்தன நாளா? நான் மூணு மாசமா பாக்கெட்லயே வெச்சிருக்கேன்"னு எடுத்துக் கொடுத்தார். பதிலை அவர் கடை விலாசத்துக்கே அனுப்பு. தைத்த துணிக்குள் மடித்து வைத்துத் தருகிறேன் என்றார்.

டார்ச் மேல் கைக்குட்டையைக் கட்டி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அப்பா தோட்டம் போட்டிருக்கிறார், அக்கா. உனக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் போன பிறகு மூன்று மாதம் அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து வந்து, சமைத்து, தூங்கி, மறுபடி கிளம்பிப் போவாள். அவர் அப்படியே இருப்பார். ஒரு நாள் காலையில் திடீரென்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். உடைந்த செங்கல்லும் கண்ணாடியும் கிடந்த அந்த இடத்தை ஒரு மாதத்தில் கொத்திப் புரட்டிவிட்டார்.

வயரிங்குக்குக் கோடு போடுகிற மாதிரியே சுண்ணாம்பு நூல் அடித்துப் பாத்தி கட்டினார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி, குச்சியில் கலர் டேப். கத்தரிக்குக் கறுப்பு, வெண்டைக்குப் பச்சை, தக்காளிக்குச் சிவப்பு. "கலர் மாத்தி சுத்திடாத, அப்புறம் ஷார்ட் ஆயிடும்" என்று என்னிடம் சொன்னார். அவர் கிண்டல் செய்து எத்தனை நாள் ஆயிற்று! முதல் வெண்டைக்காயைப் பறித்து அம்மா கையில் வைத்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் பன்றிகள் வந்தன. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புதர்க்காட்டிலிருந்து கூட்டமாக வருகின்றன. முள் வெட்டிப் போட்டார், மிதித்துக்கொண்டு வந்தன. கயிற்றில் தகர டப்பா கட்டினார், இரண்டு நாள் பயந்தன. முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு சாக்கு மயிர் கொண்டுவந்து தூவினார். தன்னுடைய பழைய காக்கி உடுப்பை மாட்டிப் பொம்மை செய்து நிறுத்தினார். அதன் காலடியிலேயே பள்ளம் பறித்துப் படுத்திருந்துவிட்டுப் போயின. முள்ளம்பன்றி அடியிலிருந்து பூசணியைக் குடைந்து தின்றுவிட்டு மேல் தோலை மட்டும் முழுசாக விட்டுவைத்தது. போன மாதம் ஒரே ராத்திரியில் சர்க்கரைவள்ளிப் பாத்தி முழுவதும் போயிற்று. மறுநாள் தெருவில் யாரோ, "என்ன மாஸ்டர், பன்னிக்கெல்லாம் பந்தி வெச்சீங்களாமே?" என்றார்கள்.

அன்று மாலை வேலியைச் சுற்றி மெல்லிய கம்பி இழுத்தார். அதை வீட்டுக் கரண்டிலேயே கோத்துவிட்டார், அக்கா.

சுவிட்ச் உன் அறையில், அதாவது இப்போது என் அறையில், அந்தப் பழைய போர்டில் இருக்கிறது. இரவு பத்துக்குப் போட வேண்டும், காலை ஐந்துக்கு அணைக்க வேண்டும். அது என் வேலை. கம்பியில் கரண்ட் இருந்தால் ஹாலில் அப்பா கட்டிலுக்கு மேலே சின்னச் சிவப்பு பல்பு எரியும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறார். ஐந்துக்கு நான் அணைத்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் பழைய அப்பா மாதிரி இருக்கிறார்.

அம்மாவிடம், "சும்மா சுள்ளுனு அடிக்கும், அவ்ளோதான்" என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தானா? எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் அவர் நம் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரி, "லைன்ல ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுகிறேன். என் ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் திறக்கிறது. வேலி வரைக்கும் என் குரல் போகாது. ஆனாலும் கேட்கிறேன்.

உன்
சுண்டெலி

•

ஜூன் 9

அடி சுண்டெலி,

உன் கடிதத்தை வார்னிஷில் போடவில்லை. பையில் வைத்திருக்கிறேன். திட்டாதே.

முதலில் உன் கேள்விக்குப் பதில். சுள்ளென்று அடிக்காது. பிடித்துக்கொள்ளும். விடாது. அது வேலியே இல்லை, ஆளை அடிக்கப் போட்ட பொறி. பன்றிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இது உன் அப்பாவுக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷம் கம்பியோடு கிடந்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்கிறார் பார்.

நீ பின்பக்கம் போகவே போகாதே. அணைத்த பிறகும் போகாதே. ஈரக் காலோடு போர்டு பக்கம் நிற்காதே. மரப் பலகை மேல் நில், இடது கையைப் பின்னால் கட்டிக்கொள். அந்த போர்டில் மேல் வரிசையில் மூன்றாவது ஃபியூஸ் கட்டைதான் பின்பக்க லைன். தெரிந்து வைத்துக்கொள், அவ்வளவுதான். விளையாடப் போகாதே.

பன்றிக்கு வேறு வழி இருக்கிறது. கம்பி வலையை ஒரு அடி ஆழம் புதைத்துக் கட்டினால் மண்ணைப் பறித்துக்கொண்டு வர முடியாது. இன்னொன்று, பேட்டரியில் ஓடுகிற வேலிப் பெட்டி. அது ஒரு தட்டுத் தட்டும், விட்டுவிடும், மறுபடி தட்டும். கன்றுக்குட்டி தொட்டால்கூடத் துள்ளி ஓடுமே தவிரச் சாகாது. எங்கள் கடைக்குப் பழுது பார்க்க வரும். இதையெல்லாம் அவரிடம் சொல். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் சொன்னது என்று தெரிந்தால், கொட்டுகிற மழையில் விரித்த குடையைக்கூட மடக்கிவிடுவார்.

நான் அங்கே வரமாட்டேன். கேட்காதே. அந்தச் சலவை நிலையத்தில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அவரோடு வயரிங் வேலைக்குப் போயிருந்த நான் ஏணியில் நின்றேன். அவர் போர்டு பக்கம் இருந்தார். இஸ்திரி மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டு ஒரு ஆள். அப்பா சுவிட்சைப் போட்டார். அந்த ஆளின் வலது கை இன்றைக்கும் மடங்காது. விசாரணையில், "போடும் முன்னால் குரல் கொடுத்தாரா?" என்று என்னைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை என்றேன். எனக்குக் கேட்கவில்லை, அதனால் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் லைசென்ஸ் இருந்திருக்கும், நானும் வீட்டில் இருந்திருப்பேன். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அது என்னால் ஆகாது.

சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உடனே எழுது.

அக்கா

•

ஜூன் 14, இரவு

அக்கா,

மேனேஜர் செத்துப்போயிற்று.

தையல் மாமாவின் நாய்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் சுற்றி வந்து மோந்து பார்த்து, சரி போ என்கிற மாதிரி வாலை ஆட்டுமே. அதனால்தான் அந்தப் பேர்.

புதன்கிழமை இரவு பத்து மணிக்கு நான்தான் சுவிட்சைப் போட்டேன். கேட்டேன், அக்கா. "லைன்ல ஆள் இருக்கா?" என்று கேட்டேன். பத்து வரைக்கும் எண்ணினேன். நாய் எப்படிப் பதில் சொல்லும்?

காலையில் ஐந்துக்கு அணைத்தேன். அப்பா பின்பக்கம் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நீ போகாதே என்று எழுதியது அப்போது என் கைக்கு வரவில்லை, கதவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். பூசணிப் பாத்தியில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டை வெளியே கிடந்தது. என்னைப் பார்த்ததும் அதையும் எடுத்து உள்ளே போட்டு மூடினார். கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"தெரியாம நடந்துபோச்சு. நீ எதையும் பாக்கல. வாயத் திறந்தா அப்பாவ மறுபடியும் கொண்டுபோய் நிக்க வெச்சிருவாங்க. ஏற்கெனவே ஒருத்தி நிக்க வெச்சது போதும்."

அம்மா ஏழு மணிக்கு வந்தபோது பாத்தி மேல் தண்ணீர் ஊற்றியிருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். முந்தாநாள் மாமா என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உன் கையெழுத்து மணி மணியா இருக்கும். நாலு அட்டையில எழுதிக் குடும்மா. நான் எழுதினா எனக்கே புரியாது" என்றார். காஜா எடுக்கிற மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். காணவில்லை. செம்பட்டை நிறம். இடது காது மடிந்திருக்கும். மேனேஜர் என்று கூப்பிட்டால் வரும். பார்த்தவர்கள் தையல் கடையில் சொல்லவும்.

நான்கு அட்டையிலும் ஒரே மாதிரி எழுதினேன். மாமா ஒரு மிட்டாய் கொடுத்தார். உன் கடிதத்தையும் சட்டைக்குள் வைத்துக் கொடுத்தார். தெரு முனையிலும், பள்ளிக்கூட வாசலிலும் என் கையெழுத்துதான் ஒட்டியிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகிறேன்.

பேட்டரிப் பெட்டியைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். புத்தகத்தில் படித்தேன் என்றேன். "எந்தப் புத்தகத்துல?" என்று கேட்டார். எனக்குப் பேர் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரவில் மாமா டார்ச் அடித்துக்கொண்டு ஓடைப் பக்கம், பின்சந்து பக்கம் எல்லாம் தேடுகிறார். நம் வேலிக்குப் பின்னால்தானே அந்தச் சந்து, அக்கா? அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் சுவிட்சைப் போடாமல் காத்திருக்கிறேன். ஹாலிலிருந்து அப்பா, "போட்டாச்சா?" என்கிறார்.

சுண்டெலி

•

ஜூன் 19

என் கண்ணு,

அது உன் கை இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள். சுவிட்ச் உன் கையில் இருந்தது, கம்பி உன் கையில் இல்லை. மேனேஜர் என்னைக்கூட ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் தும்மிவிட்டுப் போனது, வேலைக்கு ஆகாத ஆள் என்கிற மாதிரி. மாமாவிடம் நானே ஒரு நாள் சொல்கிறேன். நீ சுமக்காதே.

அம்மாவிடம் சொல். முடியவில்லை என்றால் உன்னைத் திட்டமாட்டேன். ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டை இழந்தவள் நான். உன்னைப் பார்த்து, "தைரியமாகச் சொல்லு" என்று எந்த வாயால் எழுதுவேன்? மூன்று தாள் எழுதிக் கசக்கிவிட்டேன்.

இன்னொன்று. யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சலவை நிலையத்தில் அன்றைக்கு ஆறு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏணியில் இருந்துகொண்டு கீழே நின்ற பையனிடம் ஸ்குரூ டிரைவர் கேட்டேன். மூன்று தடவை கத்தினேன். அவன் காதில் விழவில்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. உன் முதல் கடிதத்தில், 'வேலி வரைக்கும் என் குரல் போகாது, ஆனாலும் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அவரும் அப்படிக் கேட்டிருந்தால்? கேட்டு, அது என் காதில் விழாமல் போயிருந்தால்? 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டியவள், 'அவர் கொடுக்கவில்லை' என்று சொல்லிவிட்டேன். இரண்டும் ஒன்றா?

அவர் பத்து எண்ணவில்லை. அது நிச்சயம், அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்புகிற விஷயம் இல்லை இது.

பழைய பேட்டரிப் பெட்டி ஒன்று கடையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. முதலாளியிடம் கெஞ்சி வாங்கிவிட்டேன். உள்ளே கம்பிச்சுருள் எரிந்திருக்கிறது, புதிதாகச் சுற்றிவிடுவேன். எங்கள் கடை சனிக்கிழமை மதியம் பூட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கும். அதனால் எது செய்தாலும் சனி ஞாயிறுதான். கொஞ்சம் பொறு. அது வரைக்கும் எதையும் தொடாதே.

அக்கா

•

ஜூன் 25, இரவு

அக்கா,

நீ பொறு என்றாய். நான் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு மாமா மறுபடியும் பின்சந்தில் தேட வந்தார். "மேனேஜரே, டேய் மேனேஜரே" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவரின் குரல், நம் வேலியை ஒட்டி வந்ததும் நின்றுவிட்டது. பிறகு இருமினார். உடனே சுவிட்சை அணைத்தேன். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாமா போன பிறகும் எனக்குத் திரும்பப் போட மனம் வரவில்லை. அப்படியே படுத்துவிட்டேன்.

அன்றைக்கென்று பார்த்துப் பன்றிகள் வந்தன. விடியும் நேரத்தில் வந்திருக்க வேண்டும். பாத்தியெல்லாம் உழுது போட்ட மாதிரி கிடந்தது. கலர் டேப் கட்டிய குச்சிகள் எல்லாம் சேற்றில். பூசணிப் பாத்தியை மட்டும் தொடவில்லை. அந்தப் பக்கம் போகவே இல்லை.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பாதி தின்ற கத்தரிப் பிஞ்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "நீயுமா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அடித்திருக்கலாம்.

இப்போது சுவிட்சை ஹாலுக்கு மாற்றிவிட்டார். கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டும். பன்றிகள் விடியற்காலையில் வருகின்றன என்பதால் இனிமேல் ஐந்துக்கு அணைப்பதில்லை. ஆறரைக்குத்தான். முன்கதவு, பின்கதவு இரண்டையும் இரவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். நான் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய் வேலியைத் தொட்டுவிடுவேனாம். அவருக்கு அந்தப் பயம் இருக்கிறது, பார். தெருவில் போகிறவர்களுக்காக அந்தப் பயம் இல்லை.

ஃபியூஸ் போர்டு மட்டும் என் அறையில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.

அவர் கேட்காமலேயே சுவிட்சைப் போடுகிறார், அக்கா. இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். லைன்ல ஆள் இருக்கா என்று கேட்பதே இல்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது தபாலில் போடுகிறேன்.

சுண்டெலி

•

ஜூன் 24

சுண்டெலி,

அவசரத்தில் எழுதுகிறேன். பெட்டி தயார். கை வைத்துப் பார்த்தேன், கழுதை உதைத்த மாதிரி ஒரு தட்டு, அவ்வளவுதான். உயிரோடுதான் இருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு பஸ்ஸில் கிளம்புகிறேன். ஞாயிறு காலை நாலரைக்கு அங்கே இறங்கிவிடுவேன். முன்வாசலில் வந்து நின்றால் அவர் கதவைத் திறக்கமாட்டார், தெருவே வேடிக்கை பார்க்கும். நீதான் எழுதியிருந்தாயே, ஐந்துக்கு அணைத்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார், அந்த நேரத்தில் பழைய அப்பா மாதிரி இருப்பார் என்று. அந்த நேரத்தில்தான் பேச வேண்டும். ஐந்தே காலுக்குப் பின்சந்து வழியாக வந்து, எப்போதும் போலத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் வேலியைத் தாண்டி உள்ளே வருகிறேன். பெட்டியைக் கையில் பார்த்தால் உடனே விரட்டமாட்டார். எந்த மெஷினைப் பார்த்தாலும் திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

நீ சரியாக ஐந்துக்கு அணைத்துவிடு. அது போதும். வேறு யாரிடமும் மூச்சு விடாதே. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறேன்.

அக்கா

•

ஜூன் 28, ஞாயிறு, அதிகாலை 3.40

அக்கா,

நீ இந்நேரம் பஸ்ஸில் இருப்பாய். இதைத் தபாலில் போட வேண்டியிருக்காது, உன் கையிலேயே கொடுத்துவிடுவேன் என்று நம்பி எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் கடிதம் நேற்று இரவு எட்டு மணிக்குத்தான் என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம். மாமா இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை. பக்கத்து ஊர்வரை மேனேஜரைத் தேடப் போயிருந்தார். நேற்று இரவு திரும்பி வந்து, கடையைத் திறந்து, கதவிடுக்கில் கிடந்ததை எடுத்துப் பாவாடைக்குள் சுற்றி, நம் வீட்டுக்கே கொண்டுவந்து அப்பா முன்னாலேயே என் கையில் கொடுத்தார். "சீருடை ரெடிம்மா. மடிப்பு கலையாம எடுத்து வை." அப்பா அவரிடம், "நாய் கெடச்சுதா?" என்று கேட்டார். அக்கா, அவர் அதைக் கேட்டார்! மாமா, "இல்ல மாஸ்டர். எங்கயாவது நல்லாயிருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கதவைப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை நான் தபாலில் போட்டது உனக்குக் கிடைத்திருக்காது. ஐந்துக்கு அணைப்பதில்லை. ஆறரைக்குத்தான். அது உனக்குத் தெரியாது. நீ ஐந்தே காலுக்கு வேலியில் கை வைப்பாய்.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். உங்கள் கடைக்குப் போன் செய்யலாமென்றால் கடை பூட்டியிருக்கும். சந்துக்கு ஓடி வரலாமென்றால் இரண்டு கதவுச் சாவியும் அவர் இடுப்பில். ஜன்னலில் கம்பி. இங்கிருந்து கத்தினால் தண்ணீர்த்தொட்டி வரைக்கும்கூடக் கேட்காது, அப்பாதான் எழுந்துவிடுவார். அம்மா ஏழு மணிக்குத்தான் வருவாள்.

எட்டரைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஹாலுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். நீ வருகிறாய் என்று தெரிந்தால் என்ன செய்வாரோ என்று பயந்தேன். ஒருநாள் அம்மாவிடம், "அவ இந்த மண்ணுல கால் வெச்சா நான் இங்க இருக்கமாட்டேன்"னு சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

4.15. இன்னும் குறட்டை கேட்கிறது. கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. அந்த பல்பின் வெளிச்சம்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கப் போகிறேன். மேல் வரிசையில் மூன்றாவது. மரப் பலகை எடுத்து வைத்துவிட்டேன். இடது கையைத் துப்பட்டாவால் பின்னால் கட்டிக்கொள்வேன். ஆனால் பிடுங்கினால் பல்பு அணையும். வெளிச்சம் இல்லாவிட்டால் அவருக்கு இப்போதெல்லாம் தூக்கம் கலைந்துவிடுகிறது. எழுந்து வருவார். கட்டையை நான் ஒளித்து வைத்தாலும் ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றி இரண்டே நிமிடத்தில் மறுபடி கொடுத்துவிடுவார். அதனால் சீக்கிரம் பிடுங்கக் கூடாது. லேட்டாகவும் பிடுங்கக் கூடாது. ஐந்துக்குச் சரியாக.

4.40. அக்கா, உன் பஸ் வந்திருக்குமா? டீக்கடை திறந்திருந்தால் உட்கார்ந்து டீ குடி. மெதுவாகக் குடி. இன்னொன்றும் வாங்கிக் குடி.

4.58. பிடுங்கிவிட்டேன்.

சின்னதாகப் பொறி பறந்தது. ஒன்றும் ஆகவில்லை. துப்பட்டாவை அவிழ்த்துவிட்டேன். பீங்கான் சூடாக இருக்கிறது, இடது உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். கதவடியில் சிவப்புக் கோடு போய்விட்டது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

5.03. குறட்டை நின்றுவிட்டது.

கட்டில் சத்தம். ஹால் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறார். டக், டக். மறுபடியும் டக். பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிறார். அவருடைய சாமான் பெட்டி. டெஸ்டர் எடுக்கிறார் என்று நினைக்கிறேன்.

இத்தனை நேரமும் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போதாது. ஹாலில் இருக்கிற வேறு பிளக்கிலிருந்துகூட அவரால் எடுத்துக் கொடுத்துவிட முடியும். கட்டை என் கையில் இருந்தால் கம்பி செத்துப்போகாது. அவர் கை நிற்க வேண்டும். அவர் கை எதற்கு நிற்கும் என்று எனக்குத் தெரியும், அக்கா. சின்ன வயதில் விளையாட்டுக்கு நான் "ஆள் இருக்கு" என்று கத்தினபோதுகூட, மொட்டை மாடியில் சுவிட்ச் மேல் வைத்த கையை அப்படியே தூக்கிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். இறங்கி வந்து எனக்கு ஒரு அறை விட்டார். ஆனால் கத்தியதும் நின்றார். அன்றைக்கு மட்டுமில்லை, அந்தச் சொல்லைக் கேட்டால் எப்போதும் நின்றிருக்கிறார்.

அவர் கேட்காவிட்டால் என்ன? நான் பதில் சொல்லலாமே. லைன்ல ஆள் இருக்கு. யாரு என்று கேட்பார். அப்போது உன் பேரையும் சொல்லிவிடுவேன். மேனேஜரைப் பற்றியும் மாமாவிடம் நானே சொல்லிவிடுவேன். நீ சொல்ல வேண்டாம்.

5.07. காலடிச் சத்தம் வருகிறது. கையில் கம்பிச் சுருள், தரையில் உரசுகிறது.

தட்டுகிறார். "ஏய், கதவத் திற. ஃபியூஸ் போயிருக்கு."

எழுந்துவிட்டேன். தாளைக் கதவில் வைத்து எழுதிக்கொண்டே தாழ்ப்பாளில் இடது கை வைத்திருக்கிறேன். மறுபடியும் தட்டுகிறார். சொல்லப்போகிறேன். லைன்ல ஆ